கேட்டது, பார்க்கவில்லை

செப்டம்பர் 9

செம்பூத்து மலை அடிவாரத்து வனவிடுதிக்கு வந்து சேர்ந்தாயிற்று. ஓட்டுக் கூரை, இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, அந்தச் சமையல்கட்டில் ஏற்கெனவே குடியிருக்கும் ஓர் அரணை. பட்டியலின் முதல் வரியில் அதைத்தான் எழுதினேன். பார்த்தது, ஒன்று.

இந்த மலையிலும் அதன் காலடியிலும் உள்ள செடிகள், பறவைகள், விலங்குகள், கல்லாகிப்போன பழைய உயிர்கள் எல்லாவற்றையும் ஒரு புத்தகமாகத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். நவம்பர் கடைசிவரை தங்கல். செடியும் பறவையும் என் பொறுப்பு. கல் குணாளன் சாருடையது. ஒரே கல்லூரியில் நான் தாவரவியல், அவர் நிலவியல். இத்தனை வருடமும் வராந்தாவில் வணக்கம் சொல்லிக்கொண்டதோடு சரி. இனி ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட வேண்டும். உப்பு குறைவாகப் போடுகிறார்.

செப்டம்பர் 11

நிலத்தைச் சுற்றிப் பார்த்தோம். வனக்காவலர் சடையன் கூட வந்தார். விடுதிக்கு மேற்கே காடு தொடங்கி மலை ஏறுகிறது. கிழக்கே சட்டென்று மரமே இல்லை. வெள்ளையும் சிவப்புமாகக் களிமண், அதை மழை அறுத்துக் கிழித்த நூற்றுக்கணக்கான பள்ளங்கள். உட்கார நிழல் கிடையாது, ஒரு காக்கைக்குக் கிளை கிடையாது. ஊரார் அதைப் பள்ளக்காடு என்கிறார்கள். குணாளன் சாருக்கு அதுதான் கடல். ஒரு காலத்தில் அங்கே அலை அடித்ததாம். அம்மோனைட் என்று ஒரு கல்லைப் பொறுக்கித் துடைத்து என் கையில் வைத்தார். ஆட்டுக்கடாவின் கொம்பைச் சுருட்டி வைத்தது போல இருந்தது. "இது நீந்துன ஜீவன் மேடம்" என்றார், தானே பெற்றெடுத்த மாதிரி.

தினமும் பறவை பார்த்துப் பதிகிற என் நடை காட்டின் கிழக்கு ஓரமாக. அவர் அதே நேரத்தில் பள்ளங்களுக்குள் இறங்கிவிடுவார். அங்கே கைபேசி எடுக்காது. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருக்கிறார்.

"கத்துனா உங்க பறவையெல்லாம் பறந்துரும், அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க. இந்தாங்க."

கண்டக்டர் விசில். அவருடைய அப்பா துறையூர் டெப்போவில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பாவின் பித்தளை விசில் அவர் கழுத்தில். எனக்குப் பஸ் ஸ்டாண்டு கடையில் புதிதாக ஒன்று வாங்கி வந்திருக்கிறார்.

"ஒத்த விசில்னா வண்டி நிக்குது, ஏதோ கெடச்சிருக்குன்னு அர்த்தம். ரெட்ட விசில்னா ரைட்டு, கெளம்பியாச்சு. நான் ஊதுனா நீங்க பதிலுக்கு ஊதணும்."

"ஆபத்துன்னா?"

"விடாம ஊதணும். டயர் பக்கத்துல ஆள் விழுந்துட்டா எங்கப்பா மூச்சு விடாம ஊதுவாரு. தூங்குற டிரைவர்கூட பிரேக்க மிதிச்சிருவான்."

நாற்பத்தொரு வயதில் கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு காட்டில் திரிகிறேன். என் மாணவிகள் பார்க்காதவரை சரி.

செப்டம்பர் 20

அழுத்துப் பலகையில் உலரவைத்த செடிகளுக்குத் தாள் மாற்றினேன். ஈரம். பழைய செய்தித்தாள் தீரப்போகிறது, சடையனிடம் சொல்ல வேண்டும்.

பறவைப் படிவத்தில் இரண்டு கட்டம் உண்டு. கண்ணால் கண்டால் 'பார்த்தது'. குரல் மட்டும் என்றால் 'கேட்டது'. இரண்டுக்கும் ஒரே மதிப்பு. இதைக் குணாளன் சாரால் ஏற்க முடியவில்லை. "பாக்காம எப்படி மேடம் எழுதுவீங்க? நான் கல்லக் கையில எடுக்காம எழுதுனா சும்மா விடுவாங்களா?" என்கிறார். குரலை வைத்துப் பறவையைச் சொல்லத் தெரியாதவர் இந்த வேலைக்கே வரக்கூடாது என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார். கிண்டல்.

அக்டோபர் 13

இன்று நல்ல வேடிக்கை.

நடையில் ரெட்டை விசில் கேட்டது. வழக்கம்போலப் பதிலுக்கு ஊதினேன். மறுபடி ரெட்டை விசில், இந்தத் தடவை தலைக்கு மேலே. அண்ணாந்தால் துடுப்புவால் கரிச்சான். கறுப்பு உடம்பு, பின்னால் இரண்டு கம்பி தொங்கி நுனியில் துடுப்பு. அலகைத் திறந்து, அப்பட்டமாக, துறையூர் டெப்போ கண்டக்டர் மாதிரி ஊதுகிறது. பிற பறவைகளின் குரலைத் திருடிப் பேசுவது அதன் குணம்தான். ஆனால் விசிலை இந்தச் சுத்தத்தில் செய்து நான் கேட்டதில்லை.

சடையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரு மாசமா நீங்க ரெண்டு பேரும் பாடம் நடத்துனீங்கல்ல, இப்பத்தான் பாஸ் பண்ணியிருக்கு. காட்டுக்குள்ள பஸ் வந்துருச்சுங்கம்மா!"

எழுதினேன்: துடுப்புவால் கரிச்சான், ஒன்று, பார்த்தது. குறிப்பு: ரெட்டை விசில் மட்டும் செய்கிறது, ஒற்றை செய்வதில்லை. காட்டின் நிழலை விட்டு வெட்டவெளிக்கு வருவதில்லை.

அக்டோபர் 15

பருப்பு தீர்ந்தது. அட்டை இரண்டு இடத்தில் கடித்தது.

அக்டோபர் 21

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். குறிப்பேடு என்பது நடந்ததை எழுதத்தானே.

சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். அவர் கழுவுவார், நான் துடைப்பேன். ஒரு தட்டைக் கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவினார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மேடம், எனக்கு நாப்பத்திநாலு. அப்பாவைப் பாத்துக்கிட்டே வயசு போயிருச்சு. இங்க வந்தப்புறம்தான் ஒரு வீடுன்னா எப்படி இருக்கும்னு தெரியுது. உங்களுக்கு இஷ்டம்னா... இப்பச் சொல்ல வேணாம். மூஞ்சிக்கு நேரா சொல்லவும் வேணாம். சரின்னா ரெட்ட விசில் குடுங்க. வேணாம்னா ஒத்த விசில். நான் புரிஞ்சுக்குவேன். அடுத்த நாள் உப்புக் கூடப் போட்டுச் சமைக்கிறேன், ஒண்ணும் நடக்காத மாதிரி."

நான் "தட்டைக் கொடுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

அக்டோபர் 22

விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன். இனி எப்படி ஊதினாலும் அது பதிலாகிவிடும். நல்ல ஆளய்யா நீர். வேலைக்கு இருந்த ஒரே வசதியையும் கெடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார். குறட்டை இந்த அறைவரை கேட்கிறது.

கருங்காலி, பூ இல்லை, காய் உண்டு. வெட்பாலை, காய் வெடித்தது.

அக்டோபர் 26

இன்று நடந்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, சங்கடமாகவும் இருக்கிறது.

நான் ஒரு வேலாமரத்தடியில் உட்கார்ந்து இலையை அளந்துகொண்டிருந்தேன். மேலே கரிச்சான் ரெட்டை விசில் கொடுத்தது. சற்று நேரத்தில் புதரை விலக்கிக்கொண்டு குணாளன் சார் ஓடி வருகிறார். முழங்கால்வரை களிமண், மூச்சு வாங்குகிறது, முகமெல்லாம் பல். அந்த முகத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

மேலே கையைக் காட்டினேன். அந்தத் திருட்டுப் பறவை இன்னொரு தடவை ஊதிக் காட்டியது.

"அடப்பாவி" என்றார் அதைப் பார்த்து. சிரித்தார். நன்றாகத்தான் சிரித்தார். திரும்பிப் போகும்போது வந்த வழியை விட்டுவிட்டு முள்ளுக்குள் போனார்.

நான் அவரைக் கூப்பிட்டிருக்கலாம். குனிந்து இலையை அளந்தேன். எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை.

அக்டோபர் 31

பெரிதாக ஏதோ கிடைத்திருக்கிறதாம். பள்ளத்துச் சுவரில் ஒரு அம்மோனைட், பஸ் டயர் அளவு, முழுசாக. பாதி வெளியே தெரிகிறது. கையை விரித்து விரித்துக் காட்டுகிறார். "இந்த மாவட்டத்துலயே இப்படி ஒண்ணு பதிவு இல்ல மேடம். வந்து பாருங்களேன்."

தாள் மாற்ற வேண்டும் என்றேன்.

நவம்பர் 2

மறுபடி கூப்பிட்டார். தலைவலி என்றேன். தலைவலி உண்மைதான்.

நவம்பர் 4

நேற்று நல்ல மழை. செடிகளில் பூஞ்சை. பதினைந்து தாளாவது தூக்கி எறிந்திருப்பேன்.

காலையில் அவர் உளியும் பிரஷும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். "மழை பெய்ஞ்ச மண்ணு, இன்னைக்கு எதுக்கு?" என்றேன். "அதனாலதான் மேடம். இன்னொரு மழை அடிச்சா அது ஓடையோட போயிரும். இன்னைக்கு முழுசா வெளிய கொண்டாந்துருவேன். சாயங்காலம் வந்து பாக்குறீங்களா?" பார்க்கலாம் என்றேன். வராதவர்கள் சொல்லும் வார்த்தை அது, அவருக்கும் தெரியும். இருந்தாலும் தலையாட்டினார்.

நடையில் இன்று ஓர் அருமையான பதிவு. பாதையின் கடைசியில், கிழக்கே காடு முடியும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். விசில் கேட்டது. ஒற்றை! கொஞ்சம் பலவீனமாக, கடைசியில் இழுத்துக்கொண்டு. கரிச்சான் இத்தனை நாள் ரெட்டை மட்டும்தான் செய்தது. இப்போது ஒற்றையையும் பிடித்துவிட்டது. இடைவெளி விட்டு விட்டு, திரும்பத் திரும்ப, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. நின்று முழுவதும் கேட்டேன். சந்தோஷமாக இருந்தது. இதை வைத்துத் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம்.

எழுதினேன்: துடுப்புவால் கரிச்சான், ஒன்று, கேட்டது. குறிப்பு: ஒற்றை விசில், புதியது.

ஒரு நிமிடம் அவர்தானோ என்றும் தோன்றியது. ஆனால் ஏதாவது என்றால் விடாமல் ஊத வேண்டும் என்று அவரேதான் சொல்லியிருக்கிறார். இது ஒவ்வொன்றாக, நிதானமாக வந்தது. பதிலுக்கு ஊதலாம் என்று கை கழுத்துக்குப் போனது. விசில் ஆணியில் அல்லவா இருக்கிறது. இருந்திருந்தாலும் ஒற்றை ஊத மாட்டேன். அது அவருக்கு வேறு மாதிரி கேட்கும்.

திரும்பி வந்து சோறு வடித்து, சுண்டைக்காய் வற்றல் போட்டுக் குழம்பு வைத்தேன். அவருக்குப் பிடிக்கும் என்பதற்காக இல்லை. வற்றல் நமத்துப்போகிறது, தீர்க்க வேண்டும்.

பொழுது சாய்கிறது. மேகம் கட்டியிருக்கிறது. இன்னும் வரவில்லை. கல்லைக் கண்டால் அவருக்கு நேரம் தெரியாது. வரட்டும், இன்று அந்த டயரைப் போய்ப் பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன். பதிலையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

நவம்பர் 5, விடியற்காலை

வரவில்லை.

நவம்பர் 7

எழுதிவிட வேண்டும். நடந்த வரிசையில்.

நாலாம் தேதி இருட்டும்போது சடையனைக் கூப்பிட்டேன். ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எந்தப் பள்ளம் என்று என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் போகாதவளுக்கு எப்படித் தெரியும்? வடக்குப் பக்கமாக இருக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். மழையில் வடக்கே தேடினோம். அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். சார் என்று சேர்க்கவில்லை.

ஐந்தாம் தேதி விடிந்து மழை விட்டிருந்தது. தேடிப்போன எல்லோரும் களைத்துப்போய் காட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தோம். அப்போது கேட்டது. ஒற்றை விசில். கிழக்கே, பள்ளக்காட்டின் நடுவிலிருந்து.

சடையன் என்னைப் பார்த்தார். "சார்தாங்கம்மா! உசுரோட இருக்காருங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினார். எல்லோரும் ஓடினோம். போகப் போகக் கேட்டது. ஒரு பள்ளம் தாண்டி, இரண்டு பள்ளம் தாண்டி, நாங்கள் தயங்கிய இடத்திலெல்லாம் ஒரு தடவை கேட்டது. கடைசிப் பள்ளத்தில் இறங்கியதும் நின்றுவிட்டது.

சுவர் சரிந்திருந்தது. அம்மோனைட்டின் பாதி வட்டம் மேலே தெரிந்தது, பஸ் டயர் அளவு, அவர் சொன்ன மாதிரியே. அதற்குக் கீழே அவர். நெஞ்சுவரை மண். முகம் வெளியேதான் இருந்தது. நான் தொட்டேன். கல் மாதிரி குளிர்ந்திருந்தது.

மருத்துவர் சொன்னார், முதல் நாள் பொழுது சாய்வதற்கு முன்பே உயிர் போயிருக்கிறது. நெஞ்சை அழுத்தினால் மூச்சு இழுக்க முடியாது, ஒவ்வொரு மூச்சுக்கும் பாடுபட்டிருப்பார், விடாமல் ஊதுவதற்கெல்லாம் காற்று ஏது என்றார். நான் கேட்காமலேயே சொன்னார்.

ஒரு மூச்சுக்கு ஒரு விசில். நான் நின்று முழுவதும் கேட்டேன். சந்தோஷமாக இருந்தது என்று எழுதியிருக்கிறேன், மூன்று பக்கம் முன்னால், என் கையெழுத்துதான்.

ஐந்தாம் தேதி காலையில் கேட்டது கரிச்சானாக இருக்க வேண்டும். முதல் நாள் கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கும்.

நவம்பர் 8

துறையூர். அவர் வீடு.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை இல்லாவிட்டாலும் கண்டக்டர் என்று சொல்லிவிடலாம், வருகிறவர்களையெல்லாம் இடம் காட்டி உட்காரவைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் அந்தப் பித்தளை விசிலைக் கொடுத்தேன். மண்ணில் கிடந்தது, துணியில் சுற்றி வைத்திருந்தேன்.

கழுவித் துடைத்தார். வாயில் வைத்து ஊதினார். வெறும் காற்று வந்தது. குச்சியால் குடைந்து பார்த்தார்.

"உள்ள உருண்டை களிமண்ணோட இறுகிப்போச்சும்மா. இனிமே இது ஊதாது." மடியில் வைத்துக்கொண்டார். "நீங்கதான் அந்த மேடமா? போன்ல பேசுறப்பல்லாம் உங்களப் பத்தித்தான் பேச்சு. கடைசியா ஏதாச்சும் சொன்னானாம்மா?"

சாயங்காலம் வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டார். அதை எப்படிச் சொல்வது?

"இல்லீங்கப்பா" என்றேன். அப்பா என்று எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவர் கவனித்தார். என் தலையில் கை வைத்தார்.

நவம்பர் 21

மறுபடி விடுதி. எல்லோரும் வேண்டாம் என்றார்கள். பட்டியல் முடியும் தறுவாயில் நிற்கிறது, வேறு யார் முடிப்பது? அந்த அம்மோனைட்டை அளந்து படம் எடுத்துச் சேர்க்க வேண்டும். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் வர வேண்டும்.

அவர் செருப்பு வாசலில் அப்படியே இருக்கிறது. உள்ளே எடுத்து வைத்தேன்.

அரணை இருக்கிறது.

நவம்பர் 22

ஆட்டுக்காரர்கள் பள்ளக்காட்டுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார்கள் என்று சடையன் சொன்னார். ஏன் என்று கேட்டேன். அவர் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தார்.

"தினமும் கேக்குதுங்கம்மா."

"கரிச்சான் சடையா. சார்கிட்ட கத்துக்கிட்டது."

"அந்த ரெட்ட விசிலு கத்துக்க அதுக்கு ஒரு மாசம் ஆச்சு, நீங்களே சொன்னீங்க. ஒரே நாள்ல ஒத்த விசிலு எப்படிங்க வரும்? அங்க அது உக்கார ஒரு குச்சி இருக்குதுங்களா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க ஊர் பஸ்ஸுல பாத்திருக்கேன். ஒத்த விசிலு குடுத்தா நிக்கும். ரெட்ட விசிலு விழாத வரைக்கும் டிரைவர் எடுக்க மாட்டான். ஆளு ஏறுதா இல்லையான்னு பாத்துக்கிட்டே நிப்பான்."

பயந்தவர்களுக்கு எல்லாமே கேட்கும் என்று அதட்டினேன். குழம்பில் உப்பே இல்லை. நான்தான் வைத்தேன்.

நவம்பர் 23

கேட்டது.

படிவத்தில் எழுதவில்லை. இனி பார்க்காமல் எதையும் எழுதுவதாக இல்லை.

நவம்பர் 24

அம்மோனைட்டை அளந்தேன். மழை இன்னும் கொஞ்சம் மண்ணை எடுத்திருக்கிறது, இப்போது முக்கால் வட்டம் தெரிகிறது. விலாவெலும்பு மாதிரி வரிகள், ஒன்றுகூட உடையவில்லை. அவர் உளி பட்ட அடையாளம் ஓரத்தில் இருக்கிறது. எவ்வளவு பதமாகச் செதுக்கியிருக்கிறார். அழகாக இருக்கிறது. சொல்லியிருக்க வேண்டும், அழகாக இருக்கிறது என்று. ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்லியிருந்தால் போதும்.

சடையன் மேலேயே நின்றார், இறங்கவில்லை. நான் அளந்துகொண்டிருந்த நேரம் முழுவதும் விசில் இல்லை. பக்கத்தில் யாரோ பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பது போன்ற அமைதி. டேப்பின் மறுமுனையை யாரும் பிடிக்கவில்லை. ஆனாலும் நழுவவில்லை. களிமண் ஈரமாக இருந்தது, ஒட்டிக்கொண்டிருக்கும்.

நவம்பர் 25

இன்று தீர்த்துவிட வேண்டும் என்று தொலைநோக்கியோடு போனேன். காட்டோரம், அதே இடம். கரிச்சான் இருந்தது, இன்று கூடவே அதன் ஜோடியும். வேலாமரத்தில், கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தன. இரண்டையும் ஒன்றாகக் கண்ணாடிக்குள் பிடித்தேன். ஒன்று இறகு கோதியது. மற்றது சும்மா இருந்தது. அலகு மூடியிருந்தது. இரண்டின் அலகும்.

அப்போதுதான் ஒற்றை விசில் கேட்டது. எனக்குப் பின்னால், வெட்டவெளியிலிருந்து.

இரண்டு பறவைகளும் தலையைத் திருப்பி அந்தப் பக்கம் பார்த்தன.

துடுப்புவால் கரிச்சான், இரண்டு, பார்த்தது. அதற்கு மேல் என்ன எழுத?

நவம்பர் 26

ஆணியிலிருந்து விசிலை எடுத்துக்கொண்டேன்.

மதியம் தனியாகப் போனேன். வெயில் நன்றாக இருந்தது. பயம் என்று இல்லை, கல்யாணப் பந்தலுக்குள் முதல் ஆளாய் நுழைவது போல ஒரு கூச்சம். பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தேன். முடியைச் சரிசெய்துகொண்டேன். அது ஏன் என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

வெகு நேரம் கழித்துக் கேட்டது. ஒற்றை. கீழேயிருந்து, மெலிதாக, கடைசியில் இழுத்துக்கொண்டு. கண்ணால் தேடினேன். களிமண், கல், என் நிழல். வேறொன்றும் இல்லை.

"நான்தான் லேட்டு" என்றேன் சத்தமாக. "நீங்க நின்னுக்கிட்டே இருக்கீங்க. எனக்குக் கேட்டுச்சு, நான் பறவைன்னு எழுதிட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் வரத்தான் இருந்தேன். சுண்டைக்காய் வத்தக்குழம்பு வச்சிருந்தேன். நம்பினா நம்புங்க."

அழுதேன். அழுது முடித்து விசிலை வாயில் வைத்தேன். முதல் தடவை காற்று மட்டும் வந்தது.  இரண்டாம் தடவை சரியாக ஊதினேன். ரெட்டை விசில். பள்ளமெல்லாம் எதிரொலித்து ஓய்ந்தது.

எதிரொலி ஓய்ந்த பிறகு கீழே கல் ஒன்று உருண்டது. பிறகு இன்னொன்று, கொஞ்சம் மேலே. பிறகு இன்னும் மேலே, விளிம்பை நோக்கி, ஒருவர் நிதானமாக ஏறி வருகிற மாதிரி. ஈர மண் வெயிலில் காய்ந்தால் அப்படித்தான் உதிரும்.

நான் எழுந்து நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. வேகமாகவும் நடக்கவில்லை.

நவம்பர் 27

காலை நடை, கடைசி. விசில் எதுவும் இல்லை. சடையனும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "நின்னுருச்சுங்கம்மா" என்றார். ஆட்டை ஓட்டிக்கொண்டு போகலாம் என்று ஊரில் சொல்லப் போனார்.

பெட்டிகளை ஜீப்பில் அனுப்பிவிட்டேன். செடிகள், படிவங்கள், அவருடைய கற்கள் எல்லாம். நான் பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். துறையூர் போய் அப்பாவைப் பார்க்க வேண்டும்.

இதை பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. கூட்டமே இல்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்திருக்கிறேன். ஜன்னல் திறந்திருந்தும் ஈரக் களிமண் வாசனை போகவில்லை, என் செருப்பில் ஒட்டியிருக்கும்.

கண்டக்டர் சின்னப் பையன், காதில் பேனா செருகியிருக்கிறான். என்னிடம் வந்து நின்றான். என்னைப் பார்த்தான், என் பக்கத்து இருக்கையைப் பார்த்தான். சாதாரணமாகத்தான் கேட்டான்.

"எங்கம்மா, துறையூரா? ரெண்டா?"

நான் பக்கத்தில் திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே மலை தெரிந்தது.

"ரெண்டு" என்றேன்.

கிழித்துக் கொடுத்துவிட்டு ரெட்டை விசில் கொடுத்தான். வண்டி கிளம்பியது.